தென் திருவிதாங்கூர்க் கைப்பூத்தையல்: வீட்டில் முடிந்த வேலையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நாகர்கோவில் லேஸ் எனப் பெயர்பெற்ற கைப்பின்னலும் அதனையொட்டி வளர்ந்த பூத்தையலும் பெரும்பாலும் கிறித்தவ மிஷன் பள்ளிகளின் சாதனையாகவே எழுதப்பட்டுள்ளன. பள்ளி இக்கலையைக் கற்பித்தது உண்மை. ஆனால் அதைத் தலைமுறைகளுக்குக் கடத்தியது மணமான பெண்களின் வீடு. வீட்டுவேலைக்கு இடையில் எடுத்து, மடித்து வைத்து, மீண்டும் எடுத்து முடிக்கப்பட்ட தையலே இத்தொழிலைத் தாங்கியது. வீட்டில் நடந்த அதே காரணத்தால் அது உழைப்பாகக் கணக்கிடப்படாமலும் போயிற்று. இக்கருத்தை 19ஆம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூர்ச் சூழலையும் அக்கால இங்கிலாந்துச் சூழலையும் ஒப்புநோக்கி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பாதியில் நின்ற தையல்துணியை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்றும் முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: பூத்தையல், நாகர்கோவில் லேஸ், குப்பாயம், வீட்டுத்தொழில், பெண் உழைப்பு.

முன்னுரை

தையல் தமிழுக்குப் புதிய தொழில் அன்று. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் துன்னகாரரைச் சுட்டுகின்றன. ஆனால் அவை காட்டும் துன்னகாரர், நகர வீதியில் பிற தொழிலாளருடன் வைத்து எண்ணப்படுவோர். அவர்களது ஊசிக்குத் தெருவில் ஓர் இடம் உண்டு. வீட்டுக்குள் இருந்து தைத்த கைக்கு அவ்வாறான பெயர் இல்லை. பூத்தையல், பூவேலை, எம்பிராய்டரி என வேலைக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. அதைச் செய்தவளுக்கு இன்றும் நிலைத்த தொழிற்பெயர் ஒன்று அமையவில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கும்போது தைக்கிறாள்’ என்பதே வழக்கிலுள்ள விளக்கம். இந்தச் ‘சும்மா’ எவ்வாறு உருவாயிற்று என்பது வரலாற்றுக் கேள்வி.

லேஸ் என்பதற்கும் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு. ‘ரேந்தை’ என்பது போர்த்துக்கீசியச் சொல்லான ‘ரெண்டா’விலிருந்து வந்தது, இலங்கைத் தமிழில் இன்றும் வழங்குகிறது. ஆங்கில மிஷனரிமார் வருவதற்கு முன்பே கடற்கரை வணிகத்தின் வழி இப்பொருள் தமிழ் பேசுவோருக்கு அறிமுகமாகியிருந்தது என்பதற்கு இச்சொல்லே சான்று. எனவே, லேஸ் என்ற பொருளே 19ஆம் நூற்றாண்டில்தான் தமிழ்நிலத்துக்கு வந்தது எனக் கொள்வது பொருந்தாது. அந்நூற்றாண்டில் வந்தது, அப்பொருளைப் பெண்கள் கூலிக்குச் செய்து தரும் ஏற்பாடு.

பொறி விரட்டிய கைத்திறன்

லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1818இலும் சார்லஸ் மால்ட் 1819இன் இறுதியிலும் தென் திருவிதாங்கூருக்கு வந்தனர். நாகர்கோவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி 1819இல் தொடங்கப்பட்டது. அப்பள்ளியில் மார்த்தா மால்ட் 1821 அளவில் லேஸ் பின்னலைக் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது லேஸும் உடன் சென்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் பற்றித் தமிழாய்வுலகம் எழுதியிருப்பதன் அளவை யாவரும் அறிவர். அதே வளாகத்தில் தலையணைத் திண்டுகளின்மேல் உருவான பின்னல் பற்றி எழுதியது அதில் நூறில் ஒரு பங்கும் இராது.

1821 என்னும் ஆண்டை இங்கிலாந்தின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஜான் ஹீத்கோட் வலைத்துணி நெய்யும் பொறிக்கு 1809இல் காப்புரிமை பெற்றார். லஃப்பரோவில் இருந்த அவரது ஆலையை 1816இல் லுத்தியர் எனப்பட்ட பொறியெதிர்ப்பாளர் தாக்கி உடைத்தனர். ஜான் லீவர்ஸின் பொறி 1813 அளவில் உருவானது. நாட்டிங்ஹாம் பொறிலேஸின் தலைநகராக மாறிக்கொண்டிருந்தது. அதாவது, இங்கிலாந்தில் கைலேஸ் பின்னிய சிற்றூர்ப் பெண்களின் கூலி சரியத் தொடங்கிய அதே பத்தாண்டில்தான் நாகர்கோவிலில் அத்திறன் கற்பிக்கப்பட்டது. மிஷன் எழுத்துகள் இதனை நாகரிகத்தின் வருகையாகக் காட்டுகின்றன. பொருளியல் நோக்கில் பார்த்தால், தன் நாட்டில் பொறியால் விலையிழந்த கைத்திறன் ஒன்று, கை மலிவாகக் கிடைத்த வேறொரு நிலத்தில் குடியேறியது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும்; ஆனால் இரண்டாவது உண்மை எழுதப்படவில்லை.

பின்னலின் முறை எளிதன்று. இறுக அடைத்த திண்டின்மேல் துளையிட்ட வரைதாளைப் பொருத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றின்மேல் ஒன்று மாற்றியும் முறுக்கியும், ஒவ்வொரு கண்ணியையும் குண்டூசியால் நிறுத்திச் செய்வது. கண்ணும் எண்ணிக்கையும் ஒருசேர விழித்திருக்க வேண்டும். இவ்வேலையைப் பத்துப் பன்னிரண்டு அகவைச் சிறுமியர் கற்றனர். லண்டனில் 1851இல் நடந்த பெருங்கண்காட்சியில் நாகர்கோவில் லேஸ் இடம்பெற்றது.

ஊசியும் உடலும்

இத்தொழில் வளர்ந்த நிலப்பகுதியில் அக்காலத்தில் பெண் எதை உடுத்தலாம் என்பதே அரசாணையால் வரையறுக்கப்பட்டிருந்தது. 1822 முதல் 1859 வரை நீண்ட தோள்சீலைப் போராட்டம் தமிழ் வரலாற்றெழுத்தில் நன்கு பதிவானது. ஆனால் அப்போராட்டத்தில் தையலின் இடம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப்போல் மேற்சீலை அணியக்கூடாது என 1829ஆம் ஆண்டு ஆணை தடுத்தது. குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. மேற்சீலை என்பது தைக்கப்படாத துணி, தோளில் போட்டுக்கொள்வது. குப்பாயம் என்பது வெட்டித் தைத்த சட்டை. மிஷனரிமாரின் மனைவியர் வடிவமைத்துப் பெண்களுக்குக் கற்பித்த தளர்ந்த குப்பாயம், அரசு அனுமதித்த எல்லைக்குள் உடலை மறைப்பதற்கான வழியாயிற்று. தைத்ததா தைக்காததா என்னும் வேறுபாடு இங்குச் சாதி எல்லையாகவே இயங்கியது. 1859 சூலை 26 அன்று வெளியான அரசறிக்கை நாடார் பெண்களின் உடைக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோதும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையை அவர்களுக்கு அளிக்கவில்லை.

ஆகவே ஒரே விடுதியில் ஒரே ஊசி இருவேறு வேலைகளைச் செய்தது. ஒன்று, தனக்கும் தன் தாய்க்கும் குப்பாயம் தைப்பது. மற்றொன்று, ஐரோப்பியப் பெண்களின் கழுத்துப்பட்டைக்கும் கைமுனைக்கும் லேஸ் பின்னுவது. தன் தோளை மறைக்க உரிமை கேட்டுக்கொண்டிருந்த சமூகத்தின் மகள், வேறொருத்தியின் தோளுக்கு அணி செய்தாள். அடிமைநிலையில் பிறந்த சிறுமியர் சிலர் லேஸ் வருவாயால் தம் விடுதலையை விலைக்குப் பெற்றனர் என மிஷன் பதிவுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது, அந்த வருவாயைப் பொழுதுபோக்கின் விளைவு என எவரும் சொல்லத் துணியார். தொடக்கக் காலத்தில் இவ்வேலை உழைப்பு என்பதில் ஐயம் இருந்ததில்லை.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு

விடுதிச் சிறுமி மணமாகித் தன் ஊருக்குத் திரும்பினாள். அதன்பின் அவள் செய்த வேலை வீட்டில் நடந்தது. நடுவத்திலிருந்து துணியும் நூலும் வாங்கி வருவாள். முடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். முடித்த அளவுக்குக் கூலி பெறுவாள். கத்தோலிக்கப் பகுதியிலும் இவ்வழக்கம் பரவியது. பெல்ஜியத்திலிருந்து 1897இல் முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டரும் அவரைத் தொடர்ந்த துறவியரும் அங்கு லேஸையும் பூத்தையலையும் பெண்களுக்குக் கற்பித்தனர்.

20ஆம் நூற்றாண்டில் லேஸ் சுருங்கியது, பூத்தையல் விரிந்தது. பொறிலேஸின் மலிவு இதற்கு ஒரு காரணம். ஆயின் அதனினும் அழுத்தமான காரணம் வீட்டின் இயல்பில் உள்ளது. லேஸ் திண்டுக்குத் தனியிடம் வேண்டும். நூற்கட்டைகள் கலைந்தால் பல மணிநேர வேலை கலையும். கைக்குழந்தையும் கோழியும் நடமாடும் திண்ணையில் அதைக் காப்பது அரிது. பூத்தையலுக்கு ஒரு துணி, ஓர் ஊசி, ஒரு வட்டச்சட்டம் போதும். உலை கொதிக்கும்வரை நான்கு இதழ். பிள்ளை உறங்கும்வரை ஓர் இலை. பாதி இதழில் ஊசியைக் குத்தி நிறுத்தி, மடித்து, பானையைக் கவனித்துவிட்டு மீண்டும் அதே இடத்தில் தொடங்கலாம். நிறுத்தவும் தொடரவும் இடம்தரும் இவ்வியல்பினாலேயே பூத்தையல் வீட்டில் நிலைத்தது.

இதன் தொழில்நுட்பமும் அவ்வாறே பிரிக்கப்பட்டிருந்தது. வரைதாளில் பூவடிவத்தை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருங்கத் துளையிடுவர். துணியின்மேல் அத்தாளைப் பரப்பி, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைத் துணிப்பந்தால் தேய்க்க, துளைகளின் வழி நீலப்புள்ளிகள் துணியில் இறங்கும். அப்புள்ளிகளின்மேல் காம்புத்தையலோ நிரப்புத்தையலோ சங்கிலித்தையலோ விழும். ஆறு இழை கொண்ட நூற்கண்டிலிருந்து இரண்டிழையோ மூன்றிழையோ பிரித்தெடுப்பது தைப்பவளின் முடிவு. வடிவம் நடுவத்தினுடையது, இழையின் பருமனும் இழுப்பின் இறுக்கமும் பின்புறத்தின் துப்புரவும் அவளுடையவை. ஒரே வரைதாளிலிருந்து இரு வீடுகளில் தைத்த இரு மேசைவிரிப்புகளைப் பழகிய கண் எளிதில் பிரித்தறியும்.

இங்கிலாந்தில் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத்தக்கது. பொறித்தையலும் அச்சிட்ட கட்டங்களைக் கம்பளிநூலால் நிரப்பும் ‘பெர்லின்’ வேலையும் மலிந்தமையால் கைத்திறன் கெட்டது எனக் கருதியோர், பழைய பூத்தையலுக்கு மீளவேண்டும் என இயக்கம் நடத்தினர். 1872இல் லண்டனில் தோன்றிய பள்ளி பின்னாளில் அரசத் தையற்கலைப் பள்ளி எனப் பெயர்பெற்றது. வில்லியம் மோரிசின் நிறுவனத்தில் பூத்தையல் பிரிவை அவர் மகள் மே மோரிஸ் 1885இல், தம் 23ஆம் அகவையில், ஏற்று நடத்தினார். இவ்விரு இடங்களிலும் தொடங்கிவைத்த வேலை விற்கப்பட்டது. வடிவம் வரைந்த துணியில் ஒரு மூலையைக் கூலித் தையற்காரி தைத்துக் காட்டியிருப்பாள். உரிய பட்டுநூலும் உடன் வரும். வாங்கிய சீமாட்டி எஞ்சியதை வீட்டில் முடிப்பாள்.

இவ்விரு ஏற்பாடுகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. லண்டனில் தொடக்கம் கூலிக்கு, முடிப்பு ஓய்வுக்கு. நாகர்கோவிலில் தொடக்கமும் முடிப்பும் கூலிக்கு. ஆயினும் இரண்டும் வீட்டில் நடந்தமையால், முன்னதற்கு உரிய மொழி பின்னதன்மேலும் படிந்தது. ‘ஓய்வுநேரத்தைப் பயனுள்ளதாக்கல்’ என்னும் தொடரை மே மோரிசின் வாடிக்கையாளருக்குச் சொல்வது பொருந்தும். விடியலில் நீர் சுமந்து, வயலுக்குக் கஞ்சி அனுப்பி, அந்திவெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கித் தைத்த பெண்ணுக்கு அத்தொடர் பொருந்தாது. எனினும் அவளைப் பற்றியும் அதுவே எழுதப்பட்டது.

கணக்கில் வராத கை

இந்த மொழி எத்தகைய பொருளியலைத் தாங்குகிறது என்பதை மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூல் தெளிவாக்கியது. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டம் நரசாபூரிலும் லேஸ் மிஷன் வழியாகவே வந்தது. அங்கு உலகச் சந்தைக்குப் பின்னிய பெண்கள் தொழிலாளராக அன்றி இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டனர். அவ்வெண்ணமே கூலியைத் தாழ்த்தி வைக்கும் கருவியாக இருந்தது என மீஸ் காட்டினார். அவருடைய ‘இல்லத்தரசியாக்கல்’ என்னும் கருத்தாக்கம் தென் திருவிதாங்கூருக்கும் பெரிதும் பொருந்தும். ஆனால் முழுமையாக அன்று. நரசாபூரில் அவர் ஆராய்ந்த பெண்களுள் பலர் வெளியே வேலைக்குச் செல்லாமையைக் குடிமதிப்பாகக் கொண்ட சாதியினர். நாகர்கோவில் பகுதியில் ஊசி முதலில் சேர்ந்தது, ஊழியத்துக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட சமூகங்களின் மகளிரிடம். அவர்களுக்கு வீட்டுக்குள் இருந்து தைக்க முடிந்ததே ஒரு விடுதலையாகத் தோன்றியிருக்கக்கூடும். ஒரு தலைமுறைக்கு வெற்றியாக இருந்த வீடு அடுத்தடுத்த தலைமுறைகளுக்குக் கூலி உயராத இடமாயிற்று. இம்மாற்றத்தை மீஸின் சட்டகம் மட்டும் விளக்காது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வகைப்பாடும் இங்கு நினைக்கத்தக்கது. ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் 1981 முதல் குறுவேலையாளர் எனப் பிரிக்கப்படுகிறார். வீட்டுப்பணியே முதன்மை எனப் பதிந்தால் அவர் வேலை செய்யாதவர். ஒரு நாளுக்கு மூன்று மணி வீதம் ஆண்டு முழுவதும் தைத்தவளை இக்கட்டங்கள் எதிலும் வசதியாக அடைக்க இயலாது. கணக்கெடுப்பவரிடம் விடை சொல்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவராகிய ஆண் என்பதையும் சேர்த்துக்கொண்டால் எஞ்சுவது வெற்றுக்கோடு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவழி வேலை பற்றிய 177ஆம் உடன்படிக்கையை 1996இல் நிறைவேற்றியது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வீட்டுவழித் தொழிலாளர் என்னும் சொல்லுக்கு வரையறை தந்துள்ளது. பெயராவது கிடைத்தது.

மீண்டும் ஊசிக்கு

கைத்தையலுக்கு மீள்வது இன்று பரவலாகப் பேசப்படுகிறது. இதனை ஒரே நிகழ்வாகக் கொள்வது பிழை. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களிடம் ஏறத்தாழ இரு தலைமுறை விடுபட்டிருந்த தையல், முதியோர் நினைவிலிருந்தும் காத்துவைத்த பழைய உடைகளிலிருந்தும் மீட்கப்பட்டது. ‘பெருமை’ எனப் பொருள்தரும் ‘போர்கை’ என்னும் பெயரில் 2006 முதல் கூட்டாக இயங்குகிறது. அது அறுந்ததை முடிச்சிடும் மீட்சி. நகரங்களில் 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பலர் பள்ளிப்பருவத்தில் விட்ட ஊசியை மீண்டும் எடுத்தது வேறு வகை. அது மே மோரிசின் வாடிக்கையாளருக்கு நெருங்கியது. மூன்றாவது, மணப்பெண் இரவிக்கைகளுக்கான ஆரி வேலை. கொக்கியூசியால் சட்டத்தில் பூட்டிய துணியில் செய்யும் இவ்வேலை வடஇந்தியாவில் பெரும்பாலும் ஆண்களின் தொழிலாக இருந்தது; இன்று தமிழகத்தில் ஏராளமான பெண்கள் வீட்டிலேயே சட்டம் பூட்டி இதனைச் செய்கின்றனர். புதிய சொல், புதிய ஊசி. துணி கொடுத்து வாங்கும் பழைய ஏற்பாடு.

குமரி மாவட்டத்தில் மீட்சி என்னும் சொல் அவ்வளவாகப் பொருந்தாது. அங்குத் தையல் முற்றிலும் நின்றதில்லை. ஒவ்வொரு பெண்ணின் வாழ்விலும் நின்று நின்று தொடர்ந்தது. பேறுகாலத்தில் நிற்கும், மூத்தமகள் சமையலை ஏற்றதும் தொடரும், கண்ணில் புரை விழுந்தால் நிற்கும், அறுவைக்குப் பின் தொடரும். ஆதலால் இவ்வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதுவதினும் ஒரு பெண்ணின் வாழ்நாள் அளவையில் எழுதுவது பொருந்தும். அதற்கான சான்று ஆவணக்காப்பகத்தில் உள்ளதினும் பெட்டியில் உள்ளது மிகுதி.

பெட்டியில் மடித்து வைத்த பாதித்துணி அத்தகைய சான்று. முடித்த துணியில் இவ்வரலாறு தெரியாது. முடித்ததும் துவைத்து நீலத்தைப் போக்குவர், தடித்த விரிப்பின்மேல் முகம்கவிழ்த்துத் தேய்ப்பர், எஞ்சுவது அழகு. முடியாத துணியில் நீலப்புள்ளிகள் உள்ளன. எந்த நடுவத்தின் வரைதாள் என்பதை அவற்றால் அறியலாம். எப்பகுதியை முதலில் தைத்தாள், எங்கு இழை மாறிற்று, எங்கு இழுப்பின் இறுக்கம் மாறி மற்றொரு கை நுழைந்தது என்பவற்றைப் பின்புறம் சொல்லும். தாய் தொடங்கி மகள் தொடர்ந்த துணியில் இரு கைகளும் அருகருகே கிடக்கும். குத்தியபடி விட்ட ஊசியின் துருக்கறைகூட அது எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதற்குக் குறிப்பு.

இத்துணிகள் இப்போது முடிக்கப்பட்டு வருகின்றன. தாயின் துணியைப் பேத்தி எடுத்து எஞ்சிய இதழ்களை நிரப்புவதைத் தடுக்க எந்த ஆய்வாளருக்கும் உரிமை இல்லை; அத்துணி முடிவதற்கென்றே தொடங்கப்பட்டது. ஆனால் துவைப்பதற்கு முன் ஒரு நாள் போதும். முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒளிப்படம் எடுத்து, நீலக்கோட்டைப் படியெடுத்து, நூலின் எண்ணையும் இழைகளின் எண்ணிக்கையையும் குறித்து, எவர் எப்பூவைத் தைத்தார் எனக் கேட்டு எழுதிவைக்கலாம். குமரி, திருநெல்வேலி மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளும் இதனைத் தத்தம் மாணவியரின் வீடுகளிலிருந்தே தொடங்க இயலும்.